சேற்றில் முளைத்த செந்தாமரையா டிரிஸ்ட்?

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசிக்க உட்காராதீர்கள்.

"சேற்றில் முளைத்த செந்தாமரை" என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. உருப்படாத குடும்பம் என்று ஊர் முடிவு கட்டிய வீட்டிலிருந்து ஒரு நல்ல பிள்ளை வந்துவிட்டால் உடனே இதை எடுத்து விடுவார்கள். பாராட்டுதான். ஆனாலும் எனக்கு இந்தப் பாராட்டு என்றைக்குமே பிடித்ததில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு இப்போது ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது. அவன் நம் ஊர்க்காரன் இல்லை. மனிதனே இல்லை. கறுத்த தோலும் வெள்ளை முடியும் ஊதாக் கண்ணும் கொண்ட ஓர் எல்ஃப். பெயர் டிரிஸ்ட் டோ உர்டன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். உங்களில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பாதிப் பேருக்கு இவனைத் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஓர் ஆட்டம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதையை நடத்திக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், திருடுவார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். கூத்தையும் தாயத்தையும் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பேரன் வழியாகத்தான். அவன் விளையாடுவது என்னவென்று தெரிந்துகொள்ளப் போய், அந்த உலகத்துக் கதைப் புத்தகங்களையும் அகராதி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஓய்வூதியக்காரிக்கு நேரத்துக்கா பஞ்சம்?

டிரிஸ்டைப் படைத்தவர் ஆர். ஏ. சால்வடோர் என்ற அமெரிக்க எழுத்தாளர். 1988-இல் வந்த 'தி கிரிஸ்டல் ஷார்ட்' நாவலில் வுல்ஃப்கார் என்ற இளைஞன்தான் நாயகனாக இருக்க வேண்டியவன். பக்கத்துணைக்கு என்று சேர்த்த டிரிஸ்டை வாசகர்கள் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் 1990-இல் 'ஹோம்லேண்ட்' நாவலில் ஆசிரியர் பின்னோக்கிப் போய் அவன் பிறந்த வீட்டைக் காட்டினார். நான் பேசப்போவது அந்த வீட்டைப் பற்றி.

பூமிக்கு அடியில் வெயிலே படாத குகைகளில் மென்சோபெரன்சான் என்று ஒரு நகரம். இருபதாயிரம் பேர் வாழ்கிறார்கள். ட்ரோ என்ற இருட்டு எல்ஃப்கள். லோல்த் என்ற சிலந்தி தேவதையைக் கும்பிடுகிறவர்கள். அங்கே ஆட்சி பெண்களுடையது; பூசாரிகளும் அவர்களே. ஆண்பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் அடி. சவுக்கின் நுனியில் உயிருள்ள பாம்புத் தலைகள் இருக்கும்! குடும்பங்களுக்கு வரிசை எண் உண்டு. மேலே போக ஒரே வழி, மேலே இருக்கும் குடும்பத்தை ஓர் இரவில் அடியோடு அழிப்பது. அழிந்த வீட்டின் பிரபுக்களில் ஒருவர் பிழைத்துப் புகார் சொன்னால் அழித்த வீட்டுக்குத் தண்டனை. ஒருவரும் மிஞ்சவில்லை என்றால் குற்றமே நடக்கவில்லை என்று பொருள். சட்டம் படித்த என் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

டிரிஸ்ட் பிறந்த அன்று இரவே அவன் வீடு இப்படி ஒரு குடும்பத்தை அழித்துப் பத்தாம் இடத்திலிருந்து ஒன்பதுக்கு ஏறியது. தாய் பெயர் மாலிஸ். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வன்மம் என்று அர்த்தம். பெயர் வைப்பதில் ஆசிரியர் ரொம்பச் சிரமப்படவில்லை. பிரசவ வலியையே மந்திர சக்தியாக மாற்றி எதிரிமேல் ஏவுகிறாள் இந்த அம்மா. பிறப்பது மூன்றாவது ஆண்பிள்ளை. மூன்றாவது உயிருள்ள மகன் லோல்த்துக்குப் பலி என்பது வழக்கம். கத்தி தயார். ஆனால் அதே இரவில் இரண்டாவது மகன் டினின், பதவி ஆசையில் மூத்தவன் நால்ஃபெய்னைக் கொன்றுவிட்டான். சேதி வருகிறது. எண்ணிக்கை மாறுகிறது. குழந்தை இப்போது மூன்றாவது இல்லை, இரண்டாவது. பிழைத்துக்கொண்டான்.

இத்தனை வருடம் எத்தனையோ பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு பிறப்பை நான் படித்ததில்லை. அண்ணன் அண்ணனைக் கொன்றதால் தம்பிக்கு ஆயுள்.

இங்கேதான் பலரும் நம் பழமொழியை எடுக்கிறார்கள். அவர்கள் மொழியில் வேறு மாதிரி சொல்வார்கள், பொருள் ஒன்றுதான். இவ்வளவு கொடிய இனம், இவ்வளவு கொடிய வீடு, அதில் இவன் மட்டும் பிறவியிலேயே நல்லவன். கண்ணின் நிறம்கூட மற்றவர்களைப் போல் சிவப்பில்லை பாருங்கள், ஊதா என்பார்கள். பேரனின் கூட்டாளிகளும் இதையே சொன்னார்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த வீட்டில் ஜாக்னஃபெய்ன் என்று ஒருவன் இருக்கிறான். வீட்டுப் படைக்கு வாள் பயிற்சி கொடுக்கிறவன். ஊர் அறிய டிரிஸ்டின் தகப்பன் வேறு ஆள். உண்மையில் பெற்றவன் இந்த ஜாக். தன் ஊரின் வழக்கங்கள் எல்லாவற்றையும் உள்ளுக்குள் வெறுக்கிறவன். வெறுத்துக்கொண்டே அங்கேயே வேலை பார்க்கிறவன். அவன் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. டிரிஸ்ட் பிறந்த இரவு எதிரி வீட்டுக்குள் முன்னால் நின்று வாள் வீசியவனே அவன்தான். ஆனால் பையனை மந்திரப் படிப்புக்கு அனுப்பாமல் தன்னிடம் விடும்படி அந்த அம்மாவிடம் வாதாடி வாங்குகிறான். நாணயங்களைச் சுண்டிச் சுண்டிப் பிடிக்க வைத்து, "இந்தக் கையைப் பாருங்கள், இது வாளுக்குப் பிறந்த கை" என்று நிரூபிக்கிறான். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது. திறமையைக் கண்டுபிடித்த வாத்தியார், அதைச் சாக்காக வைத்துப் பிள்ளையைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்கிற தந்திரம். நம் பள்ளிக்கூடங்களிலும் நடந்திருக்கிறது!

பதினாறு வயதிலிருந்து இருபது வரை அவனிடம் பயிற்சி. அதன்பின் போர்ப் பள்ளி. நாலு வருடம்தான் தகப்பனுக்குக் கிடைத்தது. அந்த நாலு வருடத்தில் ஜாக் வாளைத்தான் கற்றுக்கொடுத்தான், உபதேசம் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பிள்ளை பார்த்தது, தன்னைக் கண்டால் முகம் மலர்கிற ஒரு பெரியவரை. அந்த ஊரில் அது எவ்வளவு அரிது என்பதைப் புத்தகம் முழுக்கக் காட்டுகிறார் ஆசிரியர். பிறகு டிரிஸ்ட், மேலே நிலவொளியில் ஆடிக்கொண்டிருக்கும் எல்ஃப்களைக் கொல்ல அனுப்பப்பட்டபோது, ஒரு சிறுமியை அவளுடைய இறந்த தாயின் உடலுக்கு அடியில் மறைத்துக் காப்பாற்றுகிறான். மகன் குழந்தையைக் கொன்றுவிட்டான் என்று நம்பிய தகப்பன் அவனோடு வாள் எடுத்து மோதுகிறான். உண்மை தெரிந்ததும் இரண்டு பேரும் வாளைத் தாழ்த்துகிறார்கள். சிலந்தி தேவதைக்கு அந்தக் கருணை பிடிக்கவில்லை; பலி வேண்டும் என்றாகிறது. மகனுக்குப் பதில் தகப்பன் தன்னைக் கொடுக்கிறான். டிரிஸ்ட் வீட்டை விட்டு, ஊரை விட்டுப் போகிறான்.

இப்போது சொல்லுங்கள். இவன் சேற்றில் முளைத்த செந்தாமரையா? இவன் தகப்பனுக்குப் பிறந்த மகன். அவ்வளவுதான். ஊர் அந்தத் தகப்பனைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதால், "யாரும் வளர்க்காமல் தானாக வளர்ந்தான்" என்று நாமும் சொல்லிவிடலாமா?

"அப்படியானால் ஜாக்கை நல்லவனாக வளர்த்தது யார், ஆச்சி?" என்று பேரன் மடக்கினான். நல்ல கேள்வி. எங்கோ ஓரிடத்தில் பிறவிக் குணம் என்று ஒன்று இருந்துதான் ஆகும். அதை நான் மறுக்கவில்லை. எல்லாமே பிறவிக் குணம் என்பதைத்தான் மறுக்கிறேன். அதற்கு வியர்னாவை விட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

வியர்னா டிரிஸ்டின் அக்கா. ஜாக்குக்கும் மாலிஸுக்கும் பிறந்த மகள். அப்பன், அம்மா, வீடு, எல்லாம் டிரிஸ்டுக்கு எதுவோ அதுவே அவளுக்கும். கைக்குழந்தையாக இருந்த அவனை முதல் சில வருடங்கள் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். மற்ற அக்காமார்களைப் போல் அவ்வளவு கொடுமைக்காரி இல்லை. ஆனால் மகள்மேல் தகப்பனுக்கு எந்த உரிமையும் இல்லாத ஊர் அது. பூசாரிகளின் பள்ளியில் படித்து, பூசாரியானாள். 1992-இல் வந்த 'தி லெகசி' நாவலில், குடும்பத்தைக் கெடுத்த தம்பியைப் பலி கொடுக்க அவளே தேடி வருகிறாள். தம்பி கையாலேயே சாகிறாள்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை. ஒரே இரத்தம், ஒரு பிள்ளைக்குத் தகப்பனோடு நாலு வருடம் கிடைத்தது, இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. தம்பிக்குத் தான் கொடுத்த கொஞ்சம் பிரியத்தைக்கூட அவளால் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஓர் ஆண்டு விழா ஞாபகம் வந்தது. எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லப் போவதில்லை. கணக்கில் பரிசு வாங்கிய ஒரு பெண்பிள்ளை. தகப்பன் குடிப்பார். மாலை ஏழு மணிக்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியாது, ஊருக்கே தெரியும். ஆனால் காலையில் மகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார். வழி முழுக்க வாய்ப்பாடு. அவர் பெடல் மிதித்தபடி கேட்பார், அவள் பின்னாலிருந்து சொல்வாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை அவருக்கு மனப்பாடம். விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், யாரோ காதில் சொன்னதை வைத்துக்கொண்டு, மேடையில் "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த தகப்பனும் தட்டினார். அந்தப் பெண் தட்டவில்லை. குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். (இதைப் படிக்கிறாய் என்றால் கமெண்டில் வராதே அம்மா, தனியாக மெசேஜ் போடு.)

குடியை நான் நியாயப்படுத்தவில்லை. வாய்ப்பாட்டையும் அவர் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

டிரிஸ்டின் கதை அந்த வீட்டோடு முடியவில்லை. மேலே வந்த பிறகு மொன்டோலியோ என்ற கண்பார்வை இல்லாத கிழவர் அவனைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் கற்றுக்கொடுக்கிறார். தோலின் நிறத்தைப் பார்த்து எல்லோரும் துரத்திய பையனுக்கு, பார்க்கவே முடியாத ஒருவர் குரு. பிறகு பனிப் பிரதேசத்தில் புரூனர் என்ற குள்ளர் குலத்து அரசனின் நட்பு. அந்தப் புரூனர் எடுத்து வளர்த்த பெண் கேட்டி-பிரீ, மனித குலம். போரில் சிறைப்பட்டு ஐந்து வருடமும் ஒரு நாளும் அவரிடம் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டு வைத்துக்கொண்ட எதிரிப் பையன் வுல்ஃப்கார், கடைசியில் மகன் மாதிரி ஆகிவிடுகிறான். இப்படி ஒரு வீடு. இரத்த உறவைவிடத் தேடிக்கொண்ட உறவே பெரிது என்பதற்கு இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான். சரிதான். ஆனால் தேடுகிறவனுக்கு என்ன தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? புரூனரின் முரட்டுத்தனத்துக்குள் பாசம் இருக்கிறது என்று டிரிஸ்டுக்குப் புரிந்தது, அதே போன்ற ஒரு முரட்டு ஆளிடம் நாலு வருடம் இருந்தவன் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

பின்னால் வந்த நாவல்களில் ஜாக்கை உயிரோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உயிரைக் கொடுத்தவன் கொடுத்தபடி இருக்கட்டுமே. வியாபாரம், வேறென்ன.

ஆட்டத்துக்கு வருகிறேன். இதில் சேருகிற ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை எழுத வேண்டும்: எங்கே பிறந்தான், யார் பெற்றார்கள், ஏன் வீட்டை விட்டு வந்தான். பேரனின் குழுவில் ஐந்து பேர். ஐந்தில் நாலு பேர் அனாதை! ஊர் எரிந்தது, அப்பா அம்மா செத்தார்கள், பழிவாங்கப் புறப்பட்டேன். இது இந்தக் குழுவின் பழக்கம் மட்டும் இல்லையாம். ஆட்டக்காரர்களுக்குள்ளேயே இதைக் கேலி செய்துகொள்வார்களாம். 2017-இல் வந்த ஒரு விதிப்புத்தகத்தில் பகடை உருட்டியே முன்கதையை முடிவு செய்யும் அட்டவணை இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தாய் தகப்பன் யாரென்று தெரிந்திருக்கும். பகடைக்கு இருக்கிற இரக்கம் பிள்ளைகளுக்கு இல்லை.

காரணமும் எனக்குப் புரிகிறது. பெற்றோர் இருந்தால் ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்களைக் கடத்திவிடுவார் என்று பயம். அதைவிட, யாருக்கும் கடன்படாமல் தானே உருவான வீரனாக இருப்பதில் ஒரு ருசி. டிரிஸ்டைப் பார்த்துத்தான் பாதிப் பேர் தனியாகத் திரியும் வீரனை எழுதுகிறார்கள். ஆனால் டிரிஸ்டின் கதையில் மறக்க முடியாதவர்கள் எல்லோரும் அவன் குடும்பம்தான். பேரனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "உன் வில்லாளிக்கு நாண் பூட்டக் கற்றுக்கொடுத்தது யார்?" யோசித்துவிட்டு "ஒரு அத்தை" என்றான். இப்போது அந்த அத்தை எல்லைச் சாவடியில் பிடிபட்டுச் சிறையில் இருக்கிறாள். ஐந்து பேரும் மூன்று வாரமாக அவளை மீட்கத் திட்டம் போடுகிறார்கள். எரிந்துபோன ஊருக்காக இப்படி ஒரு நாளும் அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

கடைசியாக விதிகள். இதை ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1970-களின் கடைசியில் கைகாக்ஸ் இந்த ட்ரோக்களை ஆட்டத்தில் கொண்டுவந்தபோது தீய இனம் என்றே எழுதினார். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அரை-ஓர்க் குலத்தில் பிறந்த பாத்திரம் என்றால் உடல்வலுவில் இரண்டு கூட்டி, அறிவுத்திறனில் இரண்டு கழிக்க வேண்டும். பிறப்பிலேயே மதிப்பெண் குறைப்பு! 2014 பதிப்பில் கழித்தலை எடுத்தார்கள். ஆனாலும் எந்தத் திறன் கூடும் என்பது பிறந்த குலத்தைப் பொறுத்தே இருந்தது. 2020 ஜூனில், ட்ரோக்களையும் ஓர்க்குகளையும் மற்ற மக்களைப் போலவே நல்லதும் கெட்டதும் கலந்தவர்களாகக் காட்டுவோம் என்று ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் அறிவித்தது. 2024 புத்தகத்தில் 'ரேஸ்' என்ற சொல்லே போய் 'ஸ்பீஷீஸ்' வந்துவிட்டது. திறன் மதிப்பெண் பிறப்பிலிருந்து கழன்று, பின்னணிக்குப் போய்விட்டது. அதாவது வீர சாகசத்துக்கு வருமுன் அவன் என்ன செய்து வாழ்ந்தான் என்பதற்கு. பழைய ஆட்டக்காரர்கள் சிலர், சுவாரசியம் போய்விட்டது என்று கோபப்படுகிறார்கள். எனக்கு இது ஐம்பது வருடம் தாமதமாக வந்த நல்ல காரியம்.

ஆனால் சிவப்பு மையை நான் இன்னும் மூடி வைக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் பதினாறு பின்னணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்கள் குறித்திருக்கிறார்கள். கூடுதல் மதிப்பெண்ணை அந்த மூன்றுக்குள்தான் போட முடியும். பிரபு என்று எடுத்தால் உடல்வலு, அறிவுத்திறன், வசீகரம். விவசாயி என்று எடுத்தால் உடல்வலு, தாங்குதிறன், விவேகம். விவசாயிக்கு அறிவுத்திறன் கிடையாது! மழையைக் கணித்து, விதையைக் கணித்து, வட்டியைக் கணித்து வாழ்கிறவனுக்கு உடம்பு உண்டாம், பொறுமை உண்டாம், கணக்கு மட்டும் வராதாம். பிறப்பை வாசல் வழியாக அனுப்பிவிட்டுத் தொழிலை ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். பின்னணிகளை நாமே உருவாக்கிக்கொள்ளவும் ஆட்டம் நடத்துபவருக்கான புத்தகத்தில் வழி இருக்கிறது என்று பேரன் காட்டினான். நான் சொல்லிச் சொல்லி, அவர்கள் குழுவில் விவசாயிக்கு அறிவுத்திறனும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது.

இந்த ஆட்டம் விளையாடுகிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. விளையாடுகிறவர்கள் கீழே எழுதுங்கள்: உங்கள் பாத்திரம் யார், வீட்டில் யாரை உயிரோடு விட்டு வைத்திருக்கிறீர்கள், அவர் என்ன கற்றுக்கொடுத்தார். எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

அத்தை விஷயம் வரும் சனிக்கிழமை இரவு தெரிந்துவிடும்.